புகுந்த வீட்டுப் பெயர்

கதை எழுதுகிறவனுக்கு வருகிற கடிதங்கள் இரண்டு வகை. "தங்கள் கதை பிரமாதம், என் கதை ஒன்றையும் ஏதாவது பத்திரிகைக்குச் சிபாரிசு செய்யவும்" என்பது ஒன்று. கதையில் தப்புக் கண்டுபிடிப்பது இன்னொன்று. முதல் வகைக்கு உடனே பதில் எழுதிவிட்டு மறந்துவிடுவேன். இரண்டாவது வகைக்குப் பதில் எழுதமாட்டேன். ஆனால் மறக்கவும் மாட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கதையில், எங்கள் ஊரான கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சவுக்குத் தோப்பைப் பற்றி எழுதும்போது, 'ஊசியிலை மரங்களுக்கே உரிய ஓயாத பெருமூச்சு' என்று ஒரு வரி போட்டேன். எழுதியபோது எனக்கே அந்த வரி பிடித்திருந்தது. கதை வெளிவந்த பத்தாம் நாள் திருநெல்வேலியிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. எழுதியவர் கல்லூரியில் தாவர இயல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அட்டையில் நாலே வாக்கியங்கள்:

"சவுக்கு ஊசியிலை மரம் அல்ல. அதில் தொங்குவது இலையும் அல்ல. நம் தென்னாட்டு மலைகளில் தானாகப் பிறந்து வளர்கிற ஊசியிலை மரம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதற்கு ஊசியிலை கிடையாது."

கையெழுத்து. அவ்வளவுதான். முதல் இரண்டு வாக்கியங்களில் எனக்குக் கோபம் வந்தது. கடைசி இரண்டையும் படித்ததும் கோபம் போய்விட்டது. விடுகதை போடுகிறவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? என் வழக்கத்தை மாற்றிக்கொண்டு, "தாங்கள் சொல்லும் மரத்தை நான் பார்க்க முடியுமா?" என்று கேட்டு எழுதினேன். "வாருங்கள்" என்று பதில் வந்தது.

நான் காலேஜில் இரண்டே வருஷம் இருந்தவன். அந்த இரண்டு வருஷமும் தாவர இயல் வகுப்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். அங்கே நான் கற்றுக்கொண்டது, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற வித்தை ஒன்றைத்தான். ஆகவே பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது, பாடம் படிக்காமல் வந்த பையனைப் போல் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"எந்த ஊர் உங்களுக்கு? கல்லங்குறிச்சியா? அரியலூர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சிதானே?" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க ஊர்ப் பெயர் உலகம் பூராவும் புவியியல் புஸ்தகங்களில் இருக்கிறது, தெரியுமோ?"

தெரியாது. எங்கள் ஊரில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கலியுக வரதராஜப் பெருமாள் கோயில். அங்கே சிலை கிடையாது. நெடிய கல் கம்பம் ஒன்றுதான் பெருமாள். ராமநவமித் தேர் என்றால் சுற்றுவட்டாரமே திரண்டுவிடும். மற்றபடி சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்டு லாரி, புழுதி. ஆனால் அந்தச் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே, அது சுமார் ஏழு கோடி வருஷத்துக்கு முன் அங்கே கிடந்த கடலின் அடிமண்ணாம். கனத்த சிப்பிகள் அடுக்கடுக்காகப் பதிந்த அந்தக் கற்படுகைக்குப் புவியியல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கல்லங்குறிச்சிப் படிவம்'. சிறு வயதில் நாங்கள் பொறுக்கி விளையாடிய கல் சிப்பிகளுக்கு இவ்வளவு பெரிய வம்சம் உண்டென்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பிறகு அவர் சவுக்குக்கு வந்தார். சவுக்கில் நாம் ஊசியிலை என்று நினைப்பது மெல்லிய குச்சி. கணுக்கணுவாக இருக்கும், இழுத்தால் கணுவில் கழன்று வரும். ஒவ்வொரு கணுவையும் சுற்றி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னப் பற்கள் மாதிரி இருப்பவைதாம் இலைகள். சவுக்கு பூக்கிற ஜாதி. அதன் முள்முள்ளான காய் பைன் மரத்துக் கூம்பைப் போல் தோன்றுவது வெறும் வேஷம். குச்சிகள் தொங்குகிற அழகு காசோவரி என்ற பறவையின் இறகைப் போல் இருப்பதால் அதற்குக் காசுவரினா என்று பெயர். கீழ்க்கடல் தீவுகளைச் சேர்ந்த மரம். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியின் கடற்கரை ஓரங்களில் ரயில் எஞ்சினுக்கு விறகாக வளர்த்துப் பரப்பினார்கள்.

"ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பைன் மரங்கள் இருக்கின்றனவே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இருக்கின்றன. கொண்டுவந்து வைத்தவை. நான் சொன்னது தானாகப் பிறந்ததை."

மறுநாள், அவரிடம் ஒரு காலத்தில் படித்த காட்டிலாகாக்காரர் ஒருவருடைய தயவில், பாபநாசத்துக்கு மேலே மலைக்குப் போனோம். மழை விட்ட சமயம். பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு மூச்சு வாங்கிற்று, அவருக்கு வாங்கவில்லை. வெயில் தரையைத் தொடாத அடர்ந்த காடு. ஓர் இடத்தில் நின்று, கைத்தடியால் ஒரு மரத்தைத் தட்டி, "இதுதான்" என்றார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். சினிமாவில் பார்த்த இமயமலைக் காட்சிகளை மனசில் வைத்துக்கொண்டு, கோபுரம் மாதிரி நிமிர்ந்த ஒரு மரத்தை எதிர்பார்த்துப் போனவன் நான். எதிரே நின்றது நேரான அடிமரத்தோடு உயர்ந்து போன சாதாரணக் காட்டு மரம். இந்த மரம் நூறடி வரை வளருமாம். அகலமான, தடித்த, பளபளக்கிற இலைகள். என்னைக் கேட்டிருந்தால் ஏதோ காட்டு மா என்று சொல்லியிருப்பேன்.

அவர் உதிர்ந்து கிடந்த இலை ஒன்றை எடுத்து, வெளிச்சம் வந்த இடுக்கில் பிடித்துக் காட்டினார். "மாவிலையை எடுத்துப் பாருங்கள், அரசிலையை எடுத்துப் பாருங்கள், நடுவிலே ஒரு தண்டு நரம்பு ஓடும். அதிலிருந்து கிளை நரம்புகள் பிரியும். இதிலே நடு நரம்பு எங்கே?"

இல்லை. காம்பிலிருந்து நுனி வரை, நெசவுப் பாவு மாதிரி, ஒன்றுக்கொன்று இணையாக எத்தனையோ மெல்லிய இழைகள். எது தலைமை, எது கிளை என்று சொல்ல முடியாது.

ஊசியிலை மரங்கள் என்று நாம் சொல்கிற குலத்துக்கு உண்மையான அடையாளம் ஊசி அல்ல. பூ இல்லாமை, விதையைக் காய்க்குள் பொத்தி வைக்காமல் திறந்தபடி தாங்குவது. அந்தக் குலத்தில் பலவற்றுக்கு விதை தங்குவது கூம்பின் செதில்களுக்கு இடையே. இந்த மரத்துக்குக் கூம்பு என்று சொல்லத்தக்கதும் இல்லை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில், சதைப்பற்றாகத் தடித்த ஒரு சிறு காம்பின் நுனியில் கருநீல உருண்டை ஒன்று உட்கார்ந்திருக்கும். பார்க்கப் பழம் மாதிரி இருக்கும் அது விதைதான். ஊசியில்லாத, கூம்பில்லாத ஊசியிலைக் கூம்பு மரம்! இருட்டுக் காட்டில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற வெளிச்சத்தை ஏந்திக்கொள்ள ஊசியைவிட விரிந்த கைதானே உதவும்? அகன்ற இலையின் பிரயோஜனம் அதுதான் என்றார் அவர்.

"இதற்குத் தமிழில் பெயர் உண்டா?"

"நிரம்பாலி. திருநெல்வேலி மலைகளில் வழங்கிய பெயர் என்று வெள்ளைக்காரர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். பர்மாவில் திட்மின், மரராஜா என்று அர்த்தம். விஞ்ஞானப் பெயரைக் கேட்டீர்களானால் அது பெரிய கதை. உட்காருங்கள்."

ஒரு பாறையில் உட்கார்ந்தோம். அவர் சொன்ன கதையை என்னால் முடிந்த மட்டும் திருப்பிச் சொல்கிறேன்.

டென்மார்க்கிலிருந்து 1807-ல் வங்காளத்துச் ஸ்ரீராம்பூருக்கு டாக்டராக வந்தவர் நத்தானியேல் வாலிக். மறு வருஷமே இங்கிலீஷ்காரர்கள் அந்த ஊரைப் பிடித்து அவரைச் சிறைப்படுத்தினார்கள். பிறகு அதே இங்கிலீஷ்காரர்கள் அவரைக் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கே தலைவராக்கினார்கள். அவர் இந்தியாவின் வடகிழக்கு மலைப் பக்கத்திலிருந்து கிடைத்த இந்த மரத்துக்கு 1830-ல் ஒரு பெயர் சூட்டினார்: போடோகார்ப்பஸ் லாட்டிபோலியா. முதல் பாதி கிரேக்கம், 'காலுள்ள கனி'. தடித்த காம்பைக் காலாக நினைத்து வைத்த குலப்பெயர் அது. பின்பாதி லத்தீன், 'அகன்ற இலை'. பொருத்தமான பெயர்தான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒரு சிக்கல். தென் ஆப்பிரிக்காவில் இதே குலத்தில் வேறொரு மரம் இருக்கிறது. அதற்கு 1825-லேயே அதே பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஒரே பெயரில் இரண்டு இனங்கள் இருக்கக் கூடாது என்பது தாவர இயலில் சட்டம். முந்தியது எதுவோ அதற்கே பெயர். பிந்தியது விட்டுக்கொடுக்க வேண்டும். ஐந்தே வருஷ வித்தியாசத்தில் நம் மரம் பெயரை இழந்தது. 1844-ல் பிராக் நகரத்துக் கார்ல் பிரெஸ்ல் என்பவர், பெயர் சூட்டியவரின் ஞாபகார்த்தமாகவே அதற்குப் போடோகார்ப்பஸ் வாலிச்சியானஸ் என்று புதுப் பெயர் வைத்தார்.

அதோடு முடிந்ததா? ஜப்பானில் இதற்கு ஓர் உறவுமரம் உண்டு. அங்கே அதை 'நாகி' என்கிறார்கள். அந்தச் சொல்லை வைத்து 1788-ல் கேர்ட்னர் என்ற ஜெர்மானியர் 'நாகேயா' என்று ஒரு குலப்பெயர் அமைத்திருந்தார். ஆட்டோ குன்ட்ஸே என்று இன்னொரு ஜெர்மானியர், ஆயிரக்கணக்கான செடிகளின் பெயரை மாற்றிச் சக விஞ்ஞானிகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர், 1891-ல் நம் மரத்தை அந்த நாகேயா வீட்டுக்கு அனுப்பினார். பலர் அதை ஏற்கவில்லை. பழைய பெயரிலேயே எழுதி வந்தார்கள். 1969-ல் டி லாபன்ஃபெல்ஸ் என்பவர் டெகுஸோகார்ப்பஸ் என்ற மூன்றாவது வீட்டில் வைத்தார். அதுவும் நிலைக்கவில்லை, நாகேயா முந்திய பெயராயிற்றே! கடைசியில் குன்ட்ஸே சொன்னதே நின்றது. இன்று இந்த மரம் நாகேயா வாலிச்சியானா.

"வாலிச்சியானஸ் என்றீர்களே, இப்போது வாலிச்சியானா என்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "போடோகார்ப்பஸ் லத்தீன் இலக்கணத்தில் ஆண்பால். நாகேயா பெண்பால். புகுந்த வீட்டுக்கு ஏற்றபடி வால் மாறவேண்டியதுதான்."

அந்த வார்த்தையில்தான் எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் சரியாக விழவில்லை.

என் அம்மாவுக்குச் சின்னம்மாள் என்று பெயர். அப்படித்தான் எனக்கு நாற்பது வயது வரை தெரியும். ரேஷன் கார்டில் அந்தப் பெயர். வாக்காளர் பட்டியலில் அந்தப் பெயர். என் முதல் நாவலின் முதல் பக்கத்தில் 'அம்மா சின்னம்மாளுக்கு' என்று அச்சுப்போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள். விரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்துவிட்டு, புஸ்தகத்தை மாடத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நாவலாசிரியன் அல்லவா, மனசைப் படிக்கத் தெரியாதா?

அம்மாவின் பிறந்த ஊர் பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூர்ப் பக்கம். தாத்தாவின் நிலத்தில் அவளுக்கு ஒரு பங்கு வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பத்திரத்தில் இருந்த பெயர் வரதம்மாள். "யார் இந்த வரதம்மாள்?" என்று கேட்டார்கள். நானும் அதையேதான் கேட்டேன்.

கல்லங்குறிச்சி வரதரை வேண்டிப் பிறந்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். ஆணானால் வரதன், வரதராஜன், பெண்ணானால் வரதம்மாள். அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரும் வரதம்மாள். மாமியார் பெயரில் ஒரு மருமகள் வந்தால் வீடு என்ன ஆகும்? மருமகள் தன் பெயரையே வாயால் சொல்ல முடியாது. "ஏ வரதம்மா, தண்ணி எங்கே?" என்று புருஷன் அதட்டினால் அது பெற்ற தாயை அதட்டுவதாக முடியும். ஆகவே தாலி கட்டி அழைத்து வந்த அன்று சாயங்காலமே, நடுக்கூடத்தில் நாலு பேராகக் கூடிப் பேசிச் சின்னம்மாள் என்று வைத்துவிட்டார்கள். முந்தியது எதுவோ அதற்கே பெயர். பிந்தியது விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கிழவிகள் யாரும் தாவர இயல் படித்தவர்கள் அல்லர்.

மலையிலிருந்து இறங்கும்போது பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "ஒரு வித்தியாசம் இருக்கிறது" என்றார். "நாங்கள் பெயரை மாற்றினாலும் பழைய பெயரை அழிப்பதில்லை. இந்த மரத்தைப் பற்றி எந்தப் புஸ்தகத்தை எடுத்தாலும், இன்றைய பெயருக்குக் கீழே பழைய பெயர் ஒவ்வொன்றும் இருக்கும்; யார் வைத்தது, எந்த வருஷம், எந்தப் புஸ்தகம், எத்தனையாம் பக்கம், எல்லாம் இருக்கும். செல்லாத பெயர்தான். ஆனால் இல்லாத பெயர் அல்ல."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு புஸ்தகம் இல்லை. புஸ்தகம் எழுதுகிற பிள்ளை ஒருவன் இருந்தான். அவனும் சின்னம்மாள் என்றே அச்சுப்போட்டான்.

அடுத்த மாசம் நிலக் காரியமாக அம்மாவை அழைத்துக்கொண்டு சாத்தனூர்ப் பக்கம் போனேன். இரண்டு பெயரும் ஒருவரே என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அம்மா அந்தக் காகிதத்தில் 'வரதம்மாள்' என்று கையெழுத்துப் போட்டாள். சின்னம்மாள் என்று போடும்போது கோணல்மாணலாகப் போகும் கை, அந்தப் பெயரை நேராக எழுதியது. சிறுமியாகப் பள்ளிக்கூடத்தில் பழகிய கை.

திரும்பும்போது, "கல்லு மரத்தைப் பார்த்துட்டுப் போலாமா?" என்று அவளே கேட்டாள். சாத்தனூரில் அது கிடக்கிறது. சுமார் 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம், முழுக்கக் கல்லாக மாறியது. 1940-ல் இதைக் கண்டறிந்து உலகத்துக்குச் சொன்னவர் எம். எஸ். கிருஷ்ணன், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்குத் தலைவராக வந்த முதல் இந்தியர். வயது சுமார் 12 கோடி வருஷம் என்கிறார்கள். கடல் உள்ளே ஏறி வந்த காலத்தில், கரையில் நின்ற மரம் சேற்றில் புதைந்து கல்லானது. பூக்கிற மரங்கள் பெருகுவதற்கு முன் நிலத்தை ஆண்ட ஊசியிலைக் குலத்தைச் சேர்ந்தது என்று புவியியல் துறையார் சொல்கிறார்கள். அப்படியானால் பொதிகை மலையில் தன்னந்தனியாக நிற்கும் நிரம்பாலிக்கு இது தூரத்துப் பாட்டன் முறை. அதிசயம் என்னவென்றால், அம்மா சிறு பெண்ணாக அதன்மேல் உட்கார்ந்து ஆடு மேய்த்திருக்கிறாள். அப்போது வேலியும் இல்லை, பலகையும் இல்லை.

கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுக்கு என்னடா பேரு?"

"கல்மரம், அம்மா."

"அது எனக்குத் தெரியாதா? உசிரோட இருந்தப்போ என்ன பேருன்னு கேட்டேன்."

"12 கோடி வருஷத்துக்கு முன்னாடி பேர் வைக்க மனுஷன் ஏது?"

"அதானே. கூப்பிட ஆள் இல்லேன்னா பேரு எதுக்கு?" என்றாள்.

நான் அந்தச் சமயத்தைப் பிடித்துக்கொண்டேன். "உன் பேரை மாத்தினப்போ உனக்கு வருத்தமா இல்லையா, அம்மா? உன் பேர் போயிடுச்சேன்னு?"

அவள் என்னைப் பார்த்தாள். பெரிய கேள்வி கேட்டுவிட்டதாக நினைக்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. "பேரு எங்கடா போச்சு? கூப்பிடறவங்கதான் போயிட்டாங்க. எங்கப்பா இருக்கிற மட்டும் 'வரதா'ன்னுதான் கூப்பிட்டாரு. அதுக்கப்புறம் எங்கண்ணன். அவரும் போனப்புறம் யாரும் இல்லே."

பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரை இருவரும் பேசவில்லை.

மறுநாள் கோயிலுக்குப் போனோம். கம்பத்தின் முன்னால் கூட்டம் இல்லை. பட்டாச்சாரியார் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம்?" என்றார். எத்தனையோ வருஷமாக அம்மாவுக்கு அர்ச்சனை செய்திருக்கிறேன். சின்னம்மாள், ரோகிணி என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழக்கம். அன்றைக்கு, "வரதம்மாள், ரோகிணி" என்றேன். அவர் கணீரென்ற குரலில் "வரதம்மாள்" என்று திருப்பிச் சொன்னார். கண்ணை மூடிக் கைகூப்பி நின்ற அம்மா சட்டென்று கண்ணைத் திறந்து, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தாள்.

நாவலின் அடுத்த பதிப்புக்கு முதல் பக்கத்தை மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். சின்னம்மாள் என்று போட்டு, அதன் கீழே வரதம்மாள் என்றும் போட்டு, ஒவ்வொன்றையும் வைத்தவர் யார், எந்த ஊரில் என்று பொடி எழுத்தில் சேர்த்திருக்கிறேன். பதிப்பாளர் இது என்ன புது வழக்கம் என்றார். புதிது அல்ல, மரங்களுக்கு ரொம்ப நாளாக இருக்கிற வழக்கம் என்றேன்.

கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா ஒன்றுமே பேசவில்லை. தெருமுனை திரும்பியதும், "பேரைச் சரியாத்தான் சொன்னே. நட்சத்திரம்தான் தப்பு" என்றாள்.

"ரோகிணி இல்லையா?"

"ரோகிணி உங்க பாட்டிக்கு. எனக்குத் திருவோணம்."